கேரண்டியும் வாரண்டியும் ஒரே வார்த்தை தான்: நம்ம வாய்ல தினமும் வர்ற பிரெஞ்சு

ரெண்டு வருஷம் முன்னாடி மிக்ஸி வாங்கப் போனப்ப கடைக்காரர்ட்ட "இதுக்கு எத்தனை வருஷம் கேரண்டிண்ணே"ன்னு கேட்டேன். "கேரண்டியெல்லாம் கிடையாது தம்பி, வாரண்டி தான், ரெண்டு வருஷம்"னார். என்ன வித்தியாசம்னு கேட்டா, கேரண்டின்னா புதுசா மாத்தித் தருவாங்களாம், வாரண்டின்னா ரிப்பேர் பண்ணித் தருவாங்களாம். எந்த ஊர் கடையில கேட்டாலும் இதே விளக்கம் தான் சொல்றாங்க, வியாபாரத்துல அது சரியாவே இருக்கட்டும், ஆனா வார்த்தையா பாத்தா ரெண்டும் ஒண்ணு தான். ஒரே பிரெஞ்சு வார்த்தை ரெண்டு வேற வாசல் வழியா ரெண்டு தடவை இங்கிலீஷுக்குள்ள வந்துருக்கு, அங்கிருந்து நம்ம மிக்ஸி கடைக்கு வந்துருச்சு.

இது எப்படி நடந்துச்சுன்னு புரியணும்னா 1066க்குப் போகணும். அந்த வருஷம் அக்டோபர் 14 அன்னைக்கு ஹேஸ்டிங்ஸ்ன்ற இடத்துல ஒரு சண்டை. இங்கிலாந்து ராஜா ஹெரால்ட் அதுல செத்துப் போறார், கடல் தாண்டி வந்த நார்மண்டி பிரபு வில்லியம் ஜெயிச்சு அந்த கிறிஸ்துமஸ் அன்னைக்கே வெஸ்ட்மின்ஸ்டர் அபேல முடி சூட்டிக்கிறார். இந்த நார்மன்காரங்க யாருன்னா, வடக்குல இருந்து கொள்ளையடிக்க வந்த வைக்கிங் கூட்டத்தோட வாரிசுங்க. 911ல பிரான்ஸ் ராஜா ஒரு ஓரமா நிலத்தைக் கொடுத்து இங்கயே இருந்துக்கோங்கப்பான்னு உக்கார வச்சார், கொஞ்ச தலைமுறையிலயே அவங்க பாஷையை விட்டுட்டு பிரெஞ்சு பேச ஆரம்பிச்சிட்டாங்க. ஆனா அவங்க பேசினது பாரிஸ் பிரெஞ்சு இல்ல, வடக்கு வட்டார வழக்கு. நம்ம ஊர்ல கொங்குத் தமிழ், நெல்லைத் தமிழ்னு இருக்கற மாதிரி வச்சுக்கங்களேன்.

அந்த வழக்குல ஒரு விசேஷம் என்னன்னா, பாரிஸ்காரன் 'க' போட்டு சொல்ற சில வார்த்தைகளை நார்மன்காரன் 'வ' போட்டு சொல்லுவான். பாரிஸ்ல கரந்தி, நார்மண்டில வரண்டி. வில்லியம்ன்ற பேரே பாரிஸ் பக்கம் கியோம் தான். முதல்ல நார்மன்காரன் மூலமா வாரண்டி வந்துச்சு, ரொம்ப காலம் கழிச்சு கேரண்டி வந்துச்சு, இங்கிலீஷ்காரன் ரெண்டையும் வச்சுக்கிட்டு ஆளுக்கொரு அர்த்தம் பிரிச்சுக் கொடுத்துட்டான். போலீஸ் கொண்டு வர்ற வாரண்ட்டும் இந்தக் குடும்பம் தான். புள்ளைய ஹாஸ்டல்ல சேக்கும்போது ஒரு ஃபார்ம் ஃபில் பண்ணுவீங்க பாருங்க, அதுல வார்டன் கையெழுத்துன்னு ஒரு இடம், லோக்கல் கார்டியன் கையெழுத்துன்னு ஒரு இடம் இருக்கும், வார்டனும் கார்டியனும் ஒரே வார்த்தை. ஒரே ஃபார்ம்ல ஒரே வார்த்தைக்கு ரெண்டு பேர்ட்ட கையெழுத்து வாங்குறாங்க.

ஜெயிச்சவங்க பாஷை எங்கெல்லாம் போய் உக்காந்துச்சுன்னு பாத்தா அரண்மனை, கோர்ட், சர்ச், சமையலறை. வயல்லயும் தொழுவத்துலயும் பழைய இங்கிலீஷ் அப்படியே இருந்துச்சு. இதுக்கு எல்லாரும் சொல்ற உதாரணம் கறி தான். உயிரோட இருக்கற மாடு கௌ, பன்னி பிக், செம்மறி ஷீப், இதெல்லாம் மேய்க்கறவன் பேசின இங்கிலீஷ். தட்டுல வந்துட்டா பீஃப், போர்க், மட்டன், இது சாப்பிடறவன் பேசின பிரெஞ்சு. கேக்க ரொம்ப அழகா இருக்கு, ஆனா கொஞ்சம் ஜாஸ்தியா மெருகு போட்ட கதை, ஏன்னா பீஃப்ன்ற வார்த்தையை உயிரோட இருக்கற மாட்டுக்கும் ரொம்ப நாள் சொல்லிட்டு தான் இருந்தாங்க, இவ்வளவு சுத்தமா பிரிஞ்சது பின்னாடி தான். மேய்க்கறவன் இங்கிலீஷ் திங்கறவன் பிரெஞ்சுன்ற அடிப்படை விஷயம் மட்டும் உண்மை. மட்டன்னா பிரெஞ்சுல செம்மறி, நம்ம ஊர்ல வெள்ளாட்டுக்கறிக்குத் தான் முதல்ல அந்தப் பேரு, செம்மறி போட்டா கறிக்கடைல சண்டை வந்துரும். சாப்பாட்டுப் பக்கம் இன்னொண்ணு, ராத்திரி சாப்பிடற டின்னர் கூட பிரெஞ்சு தான், அதோட மூல அர்த்தம் 'விரதம் முடிக்கிறது', அதாவது காலை டிபன்! வேளை தள்ளித் தள்ளிப் போய் ராத்திரிக்கு வந்து நின்னுருச்சு.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது கறி இல்ல, சொந்தக்காரங்க தான். மதர், ஃபாதர், பிரதர், சிஸ்டர், சன், டாட்டர், இதெல்லாம் சொந்த வீட்டு வார்த்தை, பழைய இங்கிலீஷ். வீட்டு வாசப்படிய தாண்டினதும் அங்கிள், ஆண்ட்டி, கஸின், நெஃப்யூ, நீஸ் எல்லாமே பிரெஞ்சு. கிராண்ட்மதர்ல இருக்கற கிராண்ட் கூட பிரெஞ்சு தான். அப்ப 1066க்கு முன்னாடி இங்கிலீஷ்காரனுக்கு சித்தப்பா மாமாவே இல்லையான்னா, நல்லாவே இருந்தாங்க, நம்மள மாதிரியே தனித்தனியா இருந்தாங்க. அப்பாவோட கூடப்பொறந்தவருக்கு ஃபேடரான்னு ஒரு பேரு, அம்மாவோட கூடப்பொறந்தவருக்கு ஏயம்னு வேற பேரு, அதே மாதிரி அத்தைக்கும் சித்திக்கும் கூட வேற வேற வார்த்தை. பிரெஞ்சுல இருந்து அங்கிள் ஆண்ட்டி வந்ததும் பெரியப்பா சித்தப்பா மாமா எல்லாரையும் ஒரே மூட்டையா கட்டிட்டாங்க. இங்கிலீஷ்ல சித்தப்பாவுக்கும் மாமாவுக்கும் வித்தியாசமே இல்லன்னு நாம கிண்டல் பண்றோம்ல, ஒரு காலத்துல அவனுக்கும் இருந்துச்சு, தொலைச்சிட்டான்.

இன்னும் பின்னாடி லத்தீனுக்குப் போனா விஷயம் இன்னும் சுவாரஸ்யம். அங்கிளோட மூலம் அவுங்குலுஸ், அதுக்கு அம்மா கூடப்பொறந்தவர்னு மட்டும் தான் அர்த்தம், அதாவது அச்சு அசல் தாய்மாமன். ஆண்ட்டியோட மூலம் அமிதா, அப்பா கூடப்பொறந்தவ, அதாவது அத்தை. மாமா, அத்தைன்னு நம்ம முறைல ஜோடி போட்டுச் சொல்ற அதே ரெண்டு பேர்! அதனால அபார்ட்மெண்ட்ல லிஃப்ட்ல வர்றவரை எல்லாம் அங்கிள்னு கூப்பிடும்போது சொல்லோட வேர்ப்படி நீங்க அவரை தாய்மாமன்னு கூப்பிடறீங்க, அவர் காதுகுத்துக்கு சீர் செய்யாம இருக்கறதுக்கு அவருக்குத் தெரியாதது தான் காரணம்.

கோர்ட் பக்கம் போனா கேக்கவே வேணாம். கோர்ட், ஜட்ஜ், ஜூரி, கிரைம், பிரிஸன், சம்மன், அப்பீல், பெயில், அட்டர்னி எல்லாம் பிரெஞ்சு வழி. நமக்கு இது புதுசா தெரியக்கூடாது, நம்ம கோர்ட்லயும் தாலுகா ஆபீஸ்லயும் என்ன நடந்துச்சோ அதே தான். வக்கீல், ஜாமீன், வாய்தா, ஜப்தி, அமீனா, தாசில்தார், இதுல ஒண்ணு கூட தமிழ் இல்ல, நவாப் ஆட்சி காலத்து பாரசீகம், அரபி, உருது எல்லாம் கலந்து வந்தது, நவாப் போயி எத்தனையோ காலம் ஆச்சு, ஜாமீன் மட்டும் போகல. அதிகாரம் எந்த பாஷைல பேசுச்சோ அந்த பாஷை கோர்ட் கட்டிடத்தை விட்டு லேசுல வெளிய வராது. இங்கிலாந்துல 1362ல ஒரு சட்டம் போட்டாங்க, இனிமே கோர்ட்ல வாதாடறது இங்கிலீஷ்ல தான் இருக்கணும், பிரெஞ்சு யாருக்கும் புரியலன்னு. அந்த சட்டத்தை எந்த பாஷைல எழுதினாங்க தெரியுமா, பிரெஞ்சுல! இன்னைக்கும் லண்டன் பார்லிமெண்ட்ல ஒரு மசோதாவுக்கு ராஜா சம்மதம் கொடுத்தாச்சுன்னு அறிவிக்கறது 'ல ர்வா ல வ்யூ'ன்னு பழைய நார்மன் பிரெஞ்சுல தான், ராஜா இதை விரும்புறார்னு அர்த்தம். பார்லிமெண்ட்ன்ற பேரே 'பேசறது'ன்ற பிரெஞ்சு வார்த்தைல இருந்து தான் வருது, அங்க பேச்சைத் தவிர வேற என்ன நடக்குதுன்னு கேக்காதீங்க.

கோர்ட் வாசல்ல கருப்பு கோட்டுக்காரங்க டேபிள் போட்டு உக்காந்துருப்பாங்க, மேல நோட்டரி பப்ளிக்னு போர்டு. இங்கிலீஷ் முறைப்படி பாத்தா பப்ளிக் நோட்டரின்னு தான் வரணும், இங்கிலீஷ்ல பெயரடை முன்னாடி தான் வரும், தமிழ்ல 'நல்ல பையன்'னு சொல்ற மாதிரி. பிரெஞ்சுல பெரும்பாலும் பின்னாடி வரும். அட்டர்னி ஜெனரல், கோர்ட் மார்ஷியல், கவர்னர் ஜெனரல் எல்லாம் அப்படித் தலைகீழா நிக்கறது பிரெஞ்சு பழக்கத்தால தான். அப்புறம் இந்த பெட்டி கேஸ். ஹெல்மெட் போடலன்னு பிடிச்சு பெட்டி கேஸ் போடுவாங்கள்ல, நான் சின்ன வயசுல அது ஏதோ பெட்டிக்குள்ள போட்டு வைக்கற கேஸுன்னே நினைச்சிருந்தேன். அது பெத்தீன்ற பிரெஞ்சு வார்த்தை, சின்னதுன்னு அர்த்தம், பெட்டிகோட்ல வர்ற பெட்டியும் அதே தான், சின்ன கோட்டு. பெட்டிக்கடைல இருக்கற பெட்டி மட்டும் சத்தியமா நம்ம பெட்டி.

வீட்டு லோனுக்கு மார்ட்கேஜ்னு சொல்றாங்கள்ல, மார்ட்னா செத்த, கேஜ்னா அடமானம், செத்த அடமானம். இ.எம்.ஐ கட்டறவங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் தேவைப்படாது.

இங்க நிறைய பேர் தப்பா புரிஞ்சுக்கற ஒரு இடம் இருக்கு. 1066ல படையெடுத்தான், உடனே பிரெஞ்சு வார்த்தை எல்லாம் வெள்ளமா வந்துருச்சுன்னு நினைப்போம். அப்படி இல்ல. முதல் 200 வருஷத்துல வந்தது கொஞ்சம் தான். மேல இருக்கறவன் பிரெஞ்சு பேசினான், கீழ இருக்கறவன் இங்கிலீஷ் பேசினான், ரெண்டும் பக்கத்துல பக்கத்துல ஓடுச்சே ஒழிய பெருசா கலக்கல. 1204ல நார்மண்டி கைய விட்டுப் போயிருச்சு, அந்தப் பக்கம் நிலம் இல்லன்னு ஆனதும் பிரபுக்கள் மெதுவா இங்கிலீஷுக்கு மாற ஆரம்பிச்சாங்க, அப்புறம் 1337ல பிரான்ஸ் கூடவே நூறாண்டுப் போர் ஆரம்பிச்சுருச்சு, எதிரி பாஷைய வீட்ல பேசிட்டு இருக்க முடியுமா. இப்படி மாறும்போது தான் வெள்ளம் வந்துச்சு, 1250ல இருந்து 1400 வரைக்கும், குறிப்பா 14ஆம் நூற்றாண்டுல. காரணம் சிம்பிள், பிரெஞ்சுல வளந்தவன் இங்கிலீஷ் பேச வரும்போது வாய்ல வார்த்தை கிடைக்காத இடத்துல எல்லாம் பழைய வார்த்தையைப் போட்டுப் பேசுவான். இங்கிலீஷ் மீடியம் படிச்ச புள்ளைங்க தமிழ் பேசறத கேட்டுப் பாருங்க, அதே தான். அந்த மத்தியகாலம் முழுக்க சேத்து சுமார் 10,000 வார்த்தை வந்துருக்கும்னு மொழியியல்காரங்க கணக்கு சொல்றாங்க.

இதனால இங்கிலீஷ்ல ஒரே பொருளுக்கு ரெண்டு தட்டு வந்துருச்சு. பை, பர்ச்சேஸ். பிகின், கமென்ஸ். ஹெல்ப், எய்ட். ஹவுஸ், மேன்ஷன். முதல்ல இருக்கறது வீட்டு வார்த்தை, அடுத்தது ஆபீஸ் வார்த்தை. தண்ணின்னா தண்ணி, ஜலம்னா யார் வீட்ல எப்படிச் சொல்றாங்கன்னு நமக்குத் தெரியும், வீடு மாறினோம்னு சொல்லுவோம் ஆனா பத்திரிகை அடிச்சா கிருகப்பிரவேசம்னு தான் போடுவோம். ஒரு பாஷைக்கு மேல இன்னொரு பாஷை உக்காந்தா இந்த மேல் தட்டு கீழ் தட்டு வந்தே தீரும் போல.

சரி, ஒரு வார்த்தை நார்மன் காலத்துல வந்ததா, இல்ல பின்னாடி ஃபேஷனா வந்ததான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது. இதுக்கு டிக்ஷனரி வேணாம், காது போதும். பழைய பிரெஞ்சுல 'ச்ச' மாதிரி அழுத்தமா ஒரு சத்தம் இருந்துச்சு, அந்தக் காலத்துல வந்த வார்த்தை இன்னும் அப்படியே சொல்றோம், சேர், சார்ஜ், சேஞ்ச், சீஃப். அப்புறம் பிரெஞ்சுக்காரன் உச்சரிப்பு 'ஷ'வா மாறிடுச்சு, அதுக்கப்புறம் வந்ததெல்லாம் ஷ தான், மெஷின், பாரஷூட், ஷாம்பெய்ன், ஷெஃப். இதுல சீஃபும் ஷெஃபும் ஒரே வார்த்தை, ரெண்டுக்கும் தலைன்னு தான் அர்த்தம். சீஃப் மினிஸ்டர் மத்தியகாலத்துலயே வந்துட்டார், ஹோட்டல் ஷெஃப் 19ஆம் நூற்றாண்டுல தான் வந்தார். அதே மாதிரி வில்லேஜ், மேரேஜ் பழசு, மசாஜ், கராஜ் புதுசு, கடைசி சத்தத்தை இங்கிலீஷ்காரங்க எப்படி இழுக்கறாங்கன்னு கேட்டுப் பாத்தா தெரியும்.

இன்னொரு சாவி இருக்கு, தொலைஞ்சு போன ஸ். பழைய பிரெஞ்சுல சில வார்த்தைகள் நடுவுல ஸ் இருந்துச்சு, அப்புறம் பிரெஞ்சுக்காரன் அதை முழுங்கிட்டு எழுத்து மேல கூரை மாதிரி ஒரு குறி மட்டும் போட்டு வச்சிருக்கான், ஸ் இங்க அடக்கம்னு கல்வெட்டு வச்ச மாதிரி. முழுங்கறதுக்கு முன்னாடி இங்கிலீஷுக்கு வந்தது ஹாஸ்டல், முழுங்கினப்புறம் வந்தது ஹோட்டல். ரெண்டும் ஒண்ணு, ஹாஸ்பிட்டலும் அந்தக் குடும்பம் தான், எல்லாம் விருந்தாளியக் கவனிக்கற இடம். ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்காம ஹோட்டல்ல போய் சாப்பிட்டு ஹாஸ்பிட்டல்ல அட்மிட் ஆனவன் ஒரே வார்த்தைய சுத்திச் சுத்தி வந்துருக்கான். நம்ம பஸ் டிப்போவும் அப்படித்தான், அதுல கடைசி ட்-ஐ பிரெஞ்சுக்காரன் சொல்ல மாட்டான், நாமளும் சொல்றதில்ல, கரெக்டா டிப்போன்னு தான் சொல்றோம். தேர்தல்ல போகுமே டெபாசிட், அது லத்தீன்ல இருந்து நேரா வந்த அதே வார்த்தை, ஸ் சத்தம் பத்திரமா உள்ள இருக்கு, காசு தான் பத்திரமா இருக்கறதில்ல.

டிக்கெட்டும் எட்டிக்கெட்டும் கூட ரெட்டைப் பிறவி தான். எத்திகேத்னா ஒட்டி வைக்கற சீட்டு. முதல்ல அந்த சீட்டு டிக்கெட்டா வந்துச்சு, பின்னாடி நாகரிகமா நடந்துக்கறதுக்கான விதின்ற அர்த்தத்துல எட்டிக்கெட்டா வந்துச்சு. டிக்கெட் கவுண்டர்ல எட்டிக்கெட் பாக்க முடியாதுன்றது வேற விஷயம். அங்க நிக்கற க்யூ இருக்கே, பிரெஞ்சுல அதுக்கு வால்னு அர்த்தம். அனுமார் வால் மாதிரி நீளமா நிக்குதுன்னு நாம சொல்றத அவங்க ஒரே வார்த்தைல சொல்லிட்டாங்க.

சில வார்த்தைங்க கிளம்பின இடத்துக்கும் வந்து சேந்த இடத்துக்கும் சம்பந்தமே இருக்காது. டாய்லெட்னா முதல்ல சின்னத் துணி. தலை வாரி பவுடர் போடற டேபிள் மேல விரிக்கற துணி, அப்புறம் அந்த அலங்காரம், அப்புறம் அலங்காரம் பண்ற ரூமு, கடைசில பேர் சொல்லக் கூச்சப்பட்டு அந்த ரூமுக்கு ஒரு மறைமுகப் பேரா வச்சு வச்சு இப்ப அதுவே நேரடிப் பேரா ஆயிடுச்சு. நம்ம வீட்டு பீரோவும் அப்படி ஒரு துணிக் கதை தான், ப்யூர்னா முரட்டுக் கம்பளித் துணி, அதை விரிச்ச எழுதற மேஜை ப்யூரோ, பிரெஞ்சுல அது அப்படியே ஆபீஸ் ஆச்சு, இங்கிலீஷ்ல டிராயர் வச்ச மேஜை ஆச்சு, தமிழ்நாட்டுக்கு வந்து கண்ணாடி வச்ச இரும்பு அலமாரி ஆயி கல்யாண சீர்ல லாரி ஏறிடுச்சு. பட்ஜெட்னா சின்னத் தோல் பை. நிதி அமைச்சர்ங்க வருஷா வருஷம் தோல் பெட்டியோட போட்டோவுக்கு நின்னது அதனால பொருத்தம் தான், 2019ல நிர்மலா சீதாராமன் அதை விட்டுட்டு சிவப்புத் துணில சுத்தி எடுத்துட்டு வந்தாங்க. இந்த வார்த்தையை பிரெஞ்சுக்காரங்களே பின்னாடி இங்கிலீஷ்ல இருந்து திரும்ப வாங்கிக்கிட்டாங்க, கொடுத்த கடனுக்கு வட்டியோட. கர்ஃப்யூன்னா நெருப்ப மூடு, மர வீடுங்க இருந்த ஊர்ல ராத்திரி மணி அடிச்சா அடுப்ப மூடிட்டுப் படுக்கணும், அதுல இருந்து ஊரடங்கு. விமானம் ஆபத்துல இருந்தா பைலட் மேடே மேடேன்னு கத்துவார்ல, அதுக்கும் மே 1க்கும் சம்பந்தம் இல்ல, 1920கள்ல லண்டன் க்ராய்டன் ஏர்போர்ட்டுக்கும் பாரிஸுக்கும் நிறைய விமானம் ஓடுச்சு, ரெண்டு பக்கத்துக்கும் புரியற மாதிரி 'எனக்கு உதவு'ன்ற பிரெஞ்சு சத்தத்த இங்கிலீஷ் எழுத்துல போட்டுக்கிட்டாங்க.

பிரெஞ்சுன்னதும் புதுச்சேரி ஞாபகம் வரும். 1954 நவம்பர் 1ல அங்க பிரெஞ்சு ஆட்சி முடிஞ்சுது. இப்ப அங்க இருக்கற பதவி லெஃப்டினன்ட் கவர்னர். லியூன்னா இடம், தெனான்னா பிடிச்சு வச்சிருக்கறவர், இன்னொருத்தருக்குப் பதிலா இடத்தப் பிடிச்சு உக்காந்துருக்கறவர். பஸ்ல துண்டு போட்டு வைக்கறோம்ல, அந்த மாதிரி. பிரெஞ்சுக்காரன் போன ஊர்ல பிரெஞ்சுப் பேரோட பதவி, ஆனா அது வந்தது டெல்லி வழியா, இங்கிலீஷ்ல.

கடைசியா ரெண்டு வார்த்தை, நம்மாளுங்க அடிக்கடி பெருமையா சொல்றது. கேஷ் காசுல இருந்து வந்துச்சுன்னு சொல்லுவாங்க. பாதி சரி. இங்கிலீஷ்ல ரெண்டு கேஷ் இருக்கு. ரொக்கம்னு அர்த்தம் வர்ற கேஷ், பிரெஞ்சு கெஸ்ல இருந்து வந்தது, பணப்பெட்டின்னு அர்த்தம், கேஷியரும் அந்த வழி. இன்னொரு கேஷ் ஒரு சின்ன நாணயத்தோட பேரு, அது நிஜமாவே நம்ம காசு, போர்ச்சுகீசியர் வாய் வழியா போனது, மெட்ராஸ்ல கம்பெனிக்காரங்க 80 கேஷ் ஒரு பணம், 42 பணம் ஒரு பகோடான்னு கணக்கு வச்சிருந்தாங்க, பகோடான்னா நம்ம வராகன், திங்கறது இல்ல. ரெண்டும் ஒரே மாதிரி ஒலிச்சது தற்செயல் தான். ஆரஞ்சு தான் இதைவிட நல்ல கதை. இங்கிலீஷுக்கு அது பிரெஞ்சு வழியா வந்துச்சு, அதுக்கு முன்னாடி அரபில நாரஞ்ச், பாரசீகத்துல நாரங், சமஸ்கிருதத்துல நாரங்க, அதுக்கும் பின்னாடி ஒரு திராவிடச் சொல் இருக்கலாம்னு அறிஞர்கள் சொல்றாங்க, நம்ம நாரத்தையப் பக்கத்துல வச்சுப் பாருங்க. முன்னாடி இருந்த 'ந' ஐரோப்பாவுக்குள்ள போனப்புறம் எங்கயோ உதிர்ந்துருச்சு. நாரத்தங்கா ஊறுகாய விட்டுட்டு ஆரஞ்சு மிட்டாய் வாங்கித் தின்னோம்.

நேத்து தேங்கா சட்னி அரைக்கும்போது மிக்ஸி ஒரு மாதிரி கருகின வாசனையோட நின்னுருச்சு. பீரோவுல துணிக்கு அடில இருந்து அந்த வாரண்டி கார்ட தேடி எடுத்தேன். மார்ச்சோட முடிஞ்சிருக்கு.